வாங்கிய கணினி யாருக்குச் சொந்தம்?

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதியில் உள்ளது ராமகுப்பம். அங்கே ஒரு விவசாயக் குடும்பம் கடன்பட்டுத் தன் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கினால், அதில் கேட்காமலே பல மென்பொருள்கள் குடியேறியிருக்கும். சில வாரங்களில் காலாவதியாகிப் பணம் கேட்டு அச்சுறுத்தும் வைரஸ் தடுப்பு மென்பொருள், விளையாட்டுகள், சந்தா செலுத்தச் சொல்லும் விளம்பரங்கள் என அவை நீளும். இவற்றுக்கு இடமளிக்க மென்பொருள் நிறுவனங்களிடம் கணினி உற்பத்தியாளர்கள் பணம் பெறுகின்றனர். முழு விலை கொடுத்தவரே இங்கு மறுபடியும் விற்கப்படுகிறார்.

இதனைச் சிறு தொல்லையென ஒதுக்க இயலாது. 2014இல் லெனோவோ நிறுவனம், வாங்குவோருக்கு உரிய முறையில் தெரிவிக்காமல் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பர மென்பொருளைத் தன் மடிக்கணினிகளில் நிறுவி விற்றது. இணையப் பக்கங்களில் விளம்பரத்தைத் திணிப்பதற்காக, வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் மறையாக்கப் பாதுகாப்பிலேயே அது ஓட்டை போட்டது. 2015 பிப்ரவரியில் இது அம்பலமாகிக் கண்டனம் எழுந்த பிறகே நிறுவனம் பின்வாங்கியது.

கைப்பேசியிலும் இதே கதைதான். செயலிகளை முன்கூட்டியே நிறுவுமாறு உற்பத்தியாளர்களை நிர்ப்பந்தித்தது உள்ளிட்ட முறைகேடுகளுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. அச்செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாதென்றும் ஆணையிட்டது. 2023 மார்ச்சில் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. நீக்கும் உரிமை குறித்த ஆணையையோ ரத்து செய்தது. ஏகபோகத்தின் குற்றம் உறுதியானது, மக்களுக்கான நிவாரணம் பறிபோனது.

அரசுகளும் இதற்குத் துணைபோகின்றன. 2022 டிசம்பரில் ஆந்திர அரசு, அரசுப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 5 லட்சத்துக்கும் அதிகமான டேப்லெட்டுகளைப் பைஜூஸ் பாடங்களை ஏற்றி வழங்கத் தொடங்கியது. 2024 ஜூலையில் அந்நிறுவனமே திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கருவி, ஒரு தனியார் கம்பெனிக்கு வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்டதே மிச்சம்.

மாற்று இல்லாமலில்லை. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் கணினிக் கல்வி அளித்து வருகின்றன. விளம்பரமற்ற கணினியை வாங்கும் உரிமையும், நிறுவப்பட்ட எதையும் முழுமையாக நீக்கும் உரிமையும் சட்டமாக்கப்பட வேண்டும். அரசுக் கொள்முதலில் கட்டற்ற மென்பொருளைக் கட்டாயமாக்க வேண்டும். மாணவர், இளைஞர் அமைப்புகள் இக்கோரிக்கைகளை ஒவ்வொரு ஊரிலும் கையிலெடுப்பது அவசியம்.