கலாநிதி வரிசை

மார்கழி வந்தால் சென்னையில் கச்சேரி உண்டு. காண்டீனில் காப்பி உண்டு. சங்கீத கலாநிதிப் பட்டம் பற்றிய சண்டையும் உண்டு. 2024-ல் மியூசிக் அகாடமி அதை டி.எம். கிருஷ்ணாவுக்கு அறிவித்ததும், அந்த வருஷம் அங்கே பாடமாட்டோம் என்று சில வித்வான்கள் விலகிக்கொண்டார்கள். கிடைத்தவரைப் பற்றி இத்தனை கூச்சல்! கிடைக்காதவர்களைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா என்று நான் கேட்கிறேன்.

இந்தப் பட்டம் 1942-ல் பிறந்தது. மிருதங்க வித்வான் ஒருவருக்கு அது முதன்முதலில் கிடைத்தது 1966-ல். பாலக்காடு மணி ஐயருக்கு. அதுவரை 24 வருஷமும் கலாநிதிகள் தாளமில்லாமலா பாடினார்கள்? முதல் பெண்மணி எம்.எஸ். சுப்புலக்ஷ்மி; அது 1968-ல். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் காலமானார், எம்.டி. ராமநாதன் 1984-ல். இருவருக்கும் பட்டம் வரவேயில்லை.

"எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியுமா, ஐயா?" என்பீர்கள். முடியாதுதான். ஆனால் வரிசையில் யாரை முன்னே விடுவது, யாரைப் பின்னே தள்ளுவது என்பது தலையெழுத்து அல்ல; நாலு பேர் கூடி எடுக்கும் முடிவு. கலாநிதியாகிறவர் மகாநாட்டுக்குத் தலைமை தாங்கி, காலைதோறும் ராக லக்ஷண விவாதங்களைக் கேட்டு, சபையறியத் தம் கருத்தைச் சொல்கிறார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் தங்கள் காரணத்தைச் சபையறியச் சொல்லக் கூடாதா? பிடித்தவரைக் காக்க வைப்பதில்லை என்றால், சொல்வதில் என்ன தயக்கம்?

பட்டம் இல்லாததால் ராஜரத்தினத்தின் தோடி குறைந்துவிடவில்லை. குறைபட்டது பட்டியல்தான்.