பாலம் கட்டியவர் யார்?

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து எண்பது வருஷங்கள் கடந்துவிட்டன. ஆயினும் யுத்தக் கதைகளுக்குள்ள கிராக்கி குறையவில்லை. நாவல்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. படங்களும் வந்தவண்ணம் இருக்கின்றன. அதை நாம் குறை கூறவில்லை. பீரங்கி செய்த காரியத்தைப் பின்வரும் சந்ததிக்கு எழுத்தும் திரையுமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் யாருடைய வாக்குமூலத்தைக் கேட்டுக்கொண்டு அவை பேசுகின்றன என்று விசாரிக்க நமக்குப் பாத்தியதை உண்டு. அந்த விசாரணைக்கு உலகப் பிரசித்தி பெற்ற ஒரு படத்தையே இன்று எடுத்துக்கொள்கிறோம்.

1957-ம் வருஷம் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்தை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். டேவிட் லீன் டைரக்ட் செய்தது; ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கர்னல் ஒருவர், எதிரிக்காகக் கட்டும் பாலத்தையே தம் படையின் பெருமைக்குச் சின்னமாகக் கருதி மதிமயங்குவதுதான் கதை. நடிப்பு உயர்ந்தது. யுத்தம் மனிதனுடைய புத்தியை எவ்வாறு பேதலிக்கச் செய்கிறது என்பதை அவ்வளவு நயமாகக் காட்டிய படங்கள் சிலவே. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகே நமது கட்சியை எடுத்துரைக்கிறோம்.

சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதையின் நீளம் சுமார் 415 கிலோமீட்டர். 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். மலையைக் குடைந்தும் காட்டை வெட்டியும் அப்பாதையை அமைத்தவர்கள் யார்? நேச நாட்டு யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். இது உலகறிந்த கணக்கு. உலகம் அவ்வளவாக அறியாத கணக்கு ஒன்றும் உண்டு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், தமிழர் என ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். இறந்தவர் தொகையைப் பலரும் 90,000 என்று மதிக்கிறார்கள். மலேயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டு போகப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். ஆக, வேலை செய்ததிலும் ஆசியர்களே அதிகம். செத்ததிலும் அவர்களே அதிகம்.

அவர்களை அழைத்துப் போன விதத்தையும் சொல்லியாக வேண்டும். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் கூலி, சாப்பாடு இலவசம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி பரவவே ஆள் கிடைக்கவில்லை. பிறகு தெருவில் கண்டவனைப் பிடித்தார்கள். லயங்களைச் சூழ்ந்துகொண்டு பிடித்தார்கள். சில ஊர்களில் சினிமா இலவசம் என்று தண்டோராப் போட்டுக் கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை ரயிலேற்றினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. எந்தச் சினிமாவைக் காட்டி அவர்களைப் பிடித்தார்களோ, அந்தச் சினிமா பின்னர் அவர்களைக் காட்டவே இல்லை.

லீனுடைய படத்தில் பாலம் கட்டுகிறவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களே. கதையில் தோட்டத் தொழிலாளி ஒருவன்கூட இல்லை. சயாம் பெண்கள் சிலர் வருகிறார்கள்; வெள்ளைக்கார வீரர்களுக்கு மூட்டை சுமப்பதே அவர்களுக்கு வாய்த்த வேஷம். படமெடுத்த இடம் இலங்கையில் கித்துல்கல என்ற ஊர். மூலக்கதையை எழுதியவர் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். இவர் இன்ஜினீயர், யுத்தத்துக்கு முன் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்திலேயே உத்தியோகம் பார்த்தவர். தோட்டத்துத் தமிழனைக் கண்ணால் கண்டறியாதவர் என்று இவரைச் சொல்ல முடியாது. தினமும் பார்த்திருப்பார். எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தவர் கர்னல்தான்.

கதாசிரியன் ஜனத்தொகைக் கணக்கெடுக்கும் உத்தியோகஸ்தனா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தனக்கு வேண்டிய பாத்திரங்களைத் தேர்ந்துகொள்ளக் கலைஞனுக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் ஒரே படம் உலகத்தின் ஞாபகமாகவே ஆகிவிட்டால் என்ன செய்வது? உண்மையான பாலம் இருந்தது மே குளோங் என்ற நதியின்மேல். படத்தைப் பார்த்துவிட்டுக் குவாய் நதியைத் தேடி வந்த யாத்திரிகர்களுக்காக, பிற்பாடு நதியின் அப்பகுதிக்கே குவாய் யாய் என்று பெயரை மாற்றினார்கள். சினிமாவுக்குத் தக்கபடி நதியே பெயர் மாறுமானால், செத்த மனிதர்களின் கணக்கு மாறுவது பெரிய காரியமா?

கோர்ட்டில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சாட்சி சொல்லாதவனுக்கு நஷ்டம் நேரவில்லை என்று அர்த்தமில்லை. அவனைக் கூண்டுக்கு அழைக்கவில்லை என்றே அர்த்தம். கைதிகளிடம் எழுத்தறிவு இருந்தது. ஒளித்து வைத்த பென்சில் இருந்தது. ரொனால்ட் செர்ல் போன்ற சித்திரக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து வரைந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தனர். மருந்தில்லாவிட்டாலும் வைத்தியர்கள் இருந்தனர். கூலிகளுக்கு இவற்றில் ஒன்றுமில்லை. 1943-ல் காலரா பரவியபோது அத்தாப்புக் கொட்டகைகளில் குடும்பம் குடும்பமாக மாண்டார்கள். யார் மாண்டார் என்று எழுதி வைக்க ஆளில்லை.

இப்படத்துக்குத் திரைக்கதை எழுதிய மைக்கேல் வில்ஸன், கார்ல் போர்மன் இருவரும் கம்யூனிஸ்டுச் சந்தேகத்தின் பேரில் அமெரிக்காவில் விலக்கி வைக்கப்பட்டவர்கள். ஆகையால் அவர்கள் பெயர் படத்தில் வரவில்லை. பரிசு பூலின் பெயருக்குப் போயிற்று. 1984-ல் அந்த அநியாயத்தைத் திருத்தினார்கள். சந்தோஷமே. எழுதியவர்களுக்குப் பெயர் கிடைக்க இருபத்தேழு வருஷம் ஆயிற்று. மண் சுமந்தவர்களுடைய தவணை என்றைக்கு வருமோ தெரியவில்லை.

யுத்தத்துக்குப் பிந்திய வாழ்வைச் சொல்லும் நூல்களிலும் இதே கதைதான். எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தம்மைச் சித்திரவதை செய்தபோது மொழிபெயர்த்து நின்ற ஜப்பானியரை 1993-ல் சந்தித்துச் சமாதானமானார். 1995-ல் அதைப் புத்தகமாக எழுதினார். 2013-ல் அது படமாயிற்று. அதே வருஷம் வெளிவந்து 2014-ல் புக்கர் பரிசு பெற்ற ரிச்சர்ட் பிளானகனின் நாவல், அந்தப் பாதையில் வேலை செய்த தம் தகப்பனாரை நினைத்து ஓர் ஆஸ்திரேலியர் எழுதியது. இரண்டும் மனத்தை உருக்குபவை. தூக்கம் கெட்ட இரவுகளும், மனைவியிடமும் சொல்ல முடியாத நினைவுகளும் அவற்றில் உண்டு. அந்த இரவுகள் தோட்டத்து லயத்திலும் இருந்தன. திரும்பி வந்தவன் மடியில் இருந்த ஜப்பானிய வாழைமர நோட்டு செல்லாக் காசாகிவிட்டது. புருஷனுக்கு என்ன ஆயிற்றென்று தெரியாமல் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று திகைத்த பெண்கள் எத்தனை பேர்! 1951-ம் வருஷத்து ஸான்பிரான்ஸிஸ்கோ உடன்படிக்கையில் நேச நாட்டுக் கைதிகளுக்கு ஈடு கொடுக்க ஒரு ஷரத்து இருந்தது. கூலிகள் அந்த ஷரத்துக்குள் வரவில்லை.

காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000 வரிசையாக நிற்கின்றன. பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறது. அவ்வூரருகே 1990-ல் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதினார்கள். ஒன்றுக்கும் பெயரில்லை.

தமிழில் யாரும் எழுதவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார், அ. ரெங்கசாமியும் இவ்விஷயத்தை நாவலாக்கினார். தமிழ்நாட்டில் அவற்றைப் படித்தவர் சொற்பம். கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டிக் கற்பனை யுத்தங்களைப் படமெடுக்கும் நமது முதலாளிகளில் ஒருவராவது அவற்றைப் புரட்டிப் பார்த்தாரா? தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பத்து வயதில் பெற்றோருடன் அந்தக் காட்டுக்குப் போன சிறுவன் இன்று உயிரோடிருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பான். தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம், வட ஆற்காடு ஜில்லாக்களில் மலேயாவோடு தொடர்பில்லாத கிராமம் குறைவு. வீட்டுப் பரணில் பழைய கடிதமோ, பிரயாணச் சீட்டோ, பாட்டனார் சொல்லிவிட்டுப் போன ஒரு பெயரோ வைத்திருக்கும் நேயர்கள் அதை எழுதி நமக்கு அனுப்பலாம். பெயர், ஊர், தோட்டம், போன வருஷம் இவ்வளவு இருந்தால் போதும். வந்தவற்றை ஞாயிறுதோறும் பிரசுரிக்க இப்பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.