99.9 சதவீதம் போதுமா?



செல்போனுக்கு அலை எட்டாதபடி தடுக்கும் பை என்று விற்கிறார்கள். அதை வாங்கிவிட்டு, 'இனி நாம் இருக்குமிடம் எவனுக்கும் தெரியாது' என்று நிம்மதியாக இருப்போரும் உண்டு. அந்தப் பையை ஒரு தடவையாவது சோதித்தீர்களா?

பை பொய்யல்ல. உலோக இழை நெய்த துணியால் முழுதும் மூடினால் அலை தடைபடும். 2014ல் ரைலி வழக்கில், கைதானவரின் செல்போனுக்குள் தேட வாரண்ட் வேண்டும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 'தொலைவிலிருந்தே தகவலை அழித்துவிடுவார்களே' என்ற வாதத்துக்கு, இத்தகைய பையில் போட்டு வையுங்கள் என்று தீர்ப்பிலேயே வழி சொல்லப்பட்டது.

கோளாறு விளம்பரக் கணக்கில்தான். '99.9 சதவீதம் தடுக்கும்' என்கிறார்கள். கடைக் கணக்கில் பெரிய எண்தான். அலைக் கணக்கிலோ, ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே போகிறது என்று பொருள். இதுவே 30 டெசிபல். டவருக்குப் பக்கத்தில் கிடைக்கும் அலை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் செல்போன் மணி அடிக்கும்! 60 டெசிபல் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்கும் மேலே தடுப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு உள்ளறையில் சோதிக்காதீர்கள். அங்கே எந்தப் பையும் வென்றுவிடும். டவர் கண்ணில் படும் இடத்துக்குப் போங்கள். போனைப் போட்டு, வாயை நன்றாக மடித்து மூடி, இரண்டு நிமிடம் பொறுங்கள். உள்ளே அது டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், அவகாசம் கொடுங்கள். பிறகு வேறு போனிலிருந்து அழையுங்கள். மணி அடித்தால் பை தோற்றது.

அடிக்காவிட்டாலும் சோதனை முடியவில்லை. வைஃபை வேறு, புளூடூத் வேறு. புளூடூத் ஸ்பீக்கரில் ஏதேனும் ஓடவிட்டுப் போனைப் பையில் போடுங்கள்; சத்தம் நிற்க வேண்டும். சிம்மை அணைத்துவிட்டு, வைஃபை ரூட்டர் அருகிலேயே வாட்ஸ்அப் அழைப்பு வருகிறதா பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். ஜிப் ஓரத்துச் சிறு இடைவெளியே அதற்கு வாசல்! மடித்து மடித்து இழை முறியும். புதிதில் வென்ற பை பிறகு தோற்கலாம். அவ்வப்போது மீண்டும் சோதியுங்கள்.

சாவியைத் திருகாமலே திறக்கும் கார் வைத்திருப்பவர்கள், சாவியைப் பையில் போட்டு, கதவருகே நின்று கைப்பிடியைத் தொடுங்கள். திறந்துகொண்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று. உளவு மென்பொருள் ஏற்கெனவே புகுந்திருந்தால் பைக்குள்ளும் மைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். வெளியே எடுத்தவுடன் பதிவானதை அனுப்பிவிடும். அதை எந்தப் பையும் தடுக்காது.