நீள்முடியும் அயலார் படக்கருவியும்

முடி வளர்த்த ஆடவனைக் கண்டால் அவனறியாமற் படம்பிடித்து நகைப்பது இன்று நம் மாணவர் சிலருக்கும் வழக்கமாகிவிட்டது. கைத்தொலைபேசி ஒன்றே போதும், அனுமதி கேட்பாரில்லை.

வழக்கம் பழையதே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கரையோரச் சிங்கள ஆடவர் பலர் கூந்தலைக் கொண்டையாக முடித்து, ஆமையோட்டாலான அரைவட்டச் சீப்பைச் சூடினர். கொழும்பில் ஸ்கீன், ஸ்கோவன் முதலியோரின் படப்பிடிப்பு நிலையங்கள் அவர்தம் படங்களை மேனாட்டாருக்கு விற்றன. ஆணோ பெண்ணோ என ஐயுற்று எழுதிவைத்த பயணிகளும் உளர். படங்கள் பலவற்றின் அடியில் இனப்பெயர் உண்டு; மனிதனின் பெயர் இல்லை. (எடுத்தவர் பெயரை மறப்பது அரிது.)

நம் பாட்டன்மாரும் குடுமி வைத்தவரே. அந்நியர் நம்மவரைக் காட்சிப்பொருளாக்கினர் என வெகுளும் நாம், பஸ்வண்டியில் அருகிருப்பவனை அவ்வாறே ஆக்குவதை விளையாட்டென்பது எங்ஙனம் பொருந்தும்? சகிப்புத்தன்மை வேண்டுமென்பர் சிலர். எனக்கு அச்சொல் உவப்பன்று. சுமையைச் சகிக்கலாம், பிறன் தலைமயிர் நமக்கென்ன சுமை? கல்லூரிக்குள் விதி உண்டு, இருக்கட்டும். வீதியில் அம்முடி அவனுடையது. படம் வேண்டுமாயின், மாணவர்காள், முதலில் அவன் பெயரைக் கேளுங்கள். மறுத்தானாயின் கருவியைச் சட்டைப்பையில் இடுங்கள்.