பொட்டி வச்சா மட்டும் போதுமா?

எங்க ஊர்ப் பக்கம் பேஸ்மேக்கர்னு யாரும் சொல்றதில்லைங்க. "நெஞ்சுல பொட்டி வச்சிருக்காங்க"ன்னுதான் சொல்வாங்க. முன்னெல்லாம் அப்படி ஒரு ஆளைப் பார்க்கிறதே அபூர்வம். இப்போ எங்க ஊரையும் பக்கத்து ஊரையும் சேர்த்தா நாலு பேர் இருக்காங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல கைக்காசு போடாம வச்சுக்கிட்டவங்களும் அதுல உண்டு. நல்ல விஷயம். ஆனா பொட்டியை வைக்கிறதுக்கு இருக்கிற வசதி, வச்ச பொட்டியைக் கவனிக்கிறதுக்கு இல்லை. இன்னிக்கு அதைப் பத்திதான் எழுதறேன்.

நம்ம இதயத்துக்குள்ளேயே இயற்கையா ஒரு கரண்ட் ஓடுது. அதுதான் ஒவ்வொரு துடிப்பையும் கிளப்பி விடுது. வயசானாலோ, நோய் வந்தாலோ அந்தக் கரண்ட் தடைபடும், துடிப்பு ரொம்பக் குறையும், ஆள் மயங்கி விழுவார். பேஸ்மேக்கர் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில உட்கார்ந்து, ரத்தக்குழாய் வழியா போகிற வயர் மூலமா இதயத்தைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும். துடிப்பு தானா வந்தா சும்மா இருக்கும். வரலைன்னா லேசா ஒரு தூண்டு தூண்டிவிடும். தோட்டத்துல ஆட்டோ ஸ்டார்ட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தப் பொட்டியோட கதையில ஒரு கரண்ட் கட்டும் இருக்கு. ஆரம்பத்துல பேஸ்மேக்கர்ங்கிறது சுவத்து பிளக்குல சொருகி ஓட்டுற பெரிய மெஷின். 1957 அக்டோபர் 31-ல அமெரிக்காவோட மினியாபொலிஸ் நகரத்துல கரண்ட் போயிருச்சு. அதுக்கப்புறம் லில்லெஹைங்கிற டாக்டர் கேட்டுக்கிட்டதால, ஆஸ்பத்திரி மெஷின்களை ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்த ஏர்ல் பாக்கன் சில வாரத்துலேயே பேட்டரியில ஓடுற சின்ன பேஸ்மேக்கரைச் செஞ்சு கொடுத்தார். அடுத்த வருசம் ஸ்வீடன்ல ஆர்னே லார்சன்ங்கிறவருக்கு உடம்புக்குள்ளேயே வச்சாங்க. முதல்ல வச்சது சில மணி நேரம்தான் ஓடுச்சு. ஆனா மாத்தி மாத்தி 20-க்கும் மேல பொட்டி வச்சு, அந்த மனுசன் 2001 வரைக்கும் இருந்தார், 86 வயசு. அவரைக் காப்பாத்தினது வெறும் பொட்டி இல்லைங்க. விடாம பார்த்து, நேரத்துக்கு மாத்தினதும்தான்.

இப்போ வயரே இல்லாத பேஸ்மேக்கர் வந்திருச்சு. கேப்ஸ்யூல் மாத்திரை அளவு, 2 கிராம் எடை, தொடை ரத்தக்குழாய் வழியா கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே வச்சுடறாங்க. 2025-ல அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல அரிசி மணியை விடச் சின்னதா ஒண்ணு செஞ்சு காட்டினாங்க. கொஞ்ச நாளைக்கு மட்டும் தேவைப்படுற பச்சைக் குழந்தைகளை மனசுல வச்சுச் செஞ்சது, வேலை முடிஞ்சதும் உடம்புக்குள்ளேயே கரைஞ்சிரும். படிச்சப்போ சந்தோசமா இருந்துச்சு.

ஆனா ஊர்ல நிலைமை வேற. சாதாரணமா ஒரு பொட்டியோட பேட்டரி எட்டுல இருந்து பன்னண்டு வருசம் வரும். ஆளைப் பொறுத்து முன்னப் பின்ன ஆகும். தீரப்போகுதுன்னா சில மாசம் முன்னாடியே பொட்டி அதைக் காட்டும். ஆனா மெஷினை நெஞ்சு மேல வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். ஊசி கிடையாது, வலி கிடையாது, கொஞ்ச நேர வேலை. அதுக்கு இங்கிருந்து முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் பெரிய ஊருக்குப் போகணும். துணைக்கு ஒரு ஆளுக்கு அன்னிக்குக் கூலி போச்சு, மாட்டுக்குப் பால் கறக்க இன்னொரு ஆள் பார்க்கணும். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு அலையணும்"னு விட்டுடறாங்க.

இதுல இன்னொரு சிக்கல். ஒரு கம்பெனி பொட்டியை அந்தக் கம்பெனி மெஷின்தான் படிக்கும். டிராக்டர் எந்தக் கம்பெனியா இருந்தாலும் நம்ம ஊர் மெக்கானிக் கை வைப்பார். உசுரைக் காக்கிற பொட்டிக்கு அந்த வசதி இல்லைன்னா என்ன நியாயம்?

சந்தேகம் கேட்கவும் ஆள் இல்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருத்தர் பொட்டி வச்சு ஆறு மாசம் மோட்டார் ரூம் பக்கமே போகலை. "ஏனுங்க மாப்ள, ஸ்டார்ட்டரைத் தொட்டா உள்ள இருக்கிறது நின்னு போயிடுமா?"ன்னு என்கிட்ட கேட்டார். ஒழுங்கா எர்த் போட்ட மோட்டாரைப் போட்டு நிறுத்துறதுல பயமில்லை. வெல்டிங், கரண்ட் வேலி ரெண்டுக்கும் தள்ளி நிக்கணும். செல்போனைச் சட்டைப் பையில வைக்காம பொட்டியிலிருந்து அரை அடி தள்ளி வைக்கணும். இறந்தவரை எரிக்கிறதா இருந்தா முன்னாடியே பொட்டியை எடுக்கச் சொல்லணும், தீயில பேட்டரி வெடிக்கும். இவ்வளவையும் தமிழ்ல ஒரு தாள்ல அச்சடிச்சுக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

நான் கேட்கிறது பெருசு இல்லைங்க. தாலுகா ஆஸ்பத்திரியில மாசத்துல ஒரு நாள், எல்லாக் கம்பெனி மெஷினோடயும் ஒரு ஆள் வரட்டும். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-லிருந்து பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வர்றாங்க இல்லையா, அவங்க கையில பொட்டி வச்சவங்க பேரும் செக்கப் தேதியும் இருக்கட்டும். வீட்டிலிருந்தே பொட்டியோட விவரத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்புற கருவியும் வந்திருக்கு. போன் டவர் கிடைக்கிற ஊர்லயாவது அதைக் கொடுக்கலாம்.

டவுன்ல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ல இருக்கிற உங்க அப்பா அம்மாவுக்குப் பொட்டி வச்சிருந்தா, ஆஸ்பத்திரியில கொடுத்த அட்டையைத் தேடி எடுங்க. எந்தக் கம்பெனி, என்ன மாடல், எந்தத் தேதியில வச்சதுன்னு அதுல இருக்கும். செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, அட்டையை ரேஷன் கார்டோட சேர்த்து வைங்க. கடைசியா எப்ப செக்கப் போனீங்கன்னு கேளுங்க. பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா, அடுத்த லீவுக்கு வரும்போது நீங்களே கூட்டிட்டுப் போங்க.