‘சி.இ’ முத்திரை... குத்துவது யார், பொறுப்பு யாருக்கு?

செல்போன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்துகளுக்கு நடுவே ‘சி’, ‘இ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வட்ட வடிவில் வளைந்து நிற்கும். தொழிற்சாலையில் ஆள் உயரத்துக்கு நிற்கிற கன்ட்ரோல் பேனலின் கதவிலும், மோட்டாரில் பொருத்தியிருக்கும் தகட்டிலும் இதே இரண்டு எழுத்துகளைப் பார்க்கலாம்.

‘ஐரோப்பாவுல டெஸ்ட் பண்ணி பாஸ் ஆன பொருள்’ என்பதுதான் இதற்குப் பலரும் சொல்லும் அர்த்தம். உண்மை வேறு. பெரும்பாலான மின்சாதனங்களில் இந்த முத்திரையைக் குத்துவது அதைத் தயாரித்த நிறுவனமேதான். எந்த அரசு அதிகாரியும் முன்கூட்டியே வந்து பார்ப்பதில்லை. ‘அப்படியென்றால் இது வெறும் ஸ்டிக்கரா?’ என்று கேட்டால், அதுவும் இல்லை.

மது பாட்டிலில் தொடங்கிய கதை

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நாட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. பிரான்ஸில் விற்கிற பொருளை ஜெர்மனியில் விற்க முடியாது. ‘காஸி டி டிஜான்’ என்ற பிரெஞ்சுப் பழ மதுவை ஜெர்மனிக்குள் கொண்டுவர ஒரு நிறுவனம் முயன்றது. ‘இதில் ஆல்கஹால் அளவு போதாது’ என்று ஜெர்மனி தடுத்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ‘ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி விற்கப்படும் பொருளைத் தக்க காரணம் இல்லாமல் இன்னொரு நாடு தடுக்கக் கூடாது’ என்று 1979-ல் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு காட்டிய வழியில், 1985-ல் புது அணுகுமுறை ஒன்று பிறந்தது. பாதுகாப்புக்கு அத்தியாவசியமான விஷயங்களை மட்டும் சட்டம் சொல்லும். ஒயர் எவ்வளவு தடிமன், இன்சுலேஷன் எப்படி என்பதையெல்லாம் தர நிர்ணய அமைப்புகள் வகுக்கும். ‘சட்டப்படி நடந்திருக்கிறேன்’ என்று தயாரிப்பாளர் அறிவிக்கும் அடையாளமாக, 1993 முதல் ‘சி.இ’ என்ற ஒரே பெயர் நிலைத்தது.

‘லோ வோல்டேஜ்’ என்றால் லேசானது இல்லை!

மின்சாதனங்களுக்கான முக்கியமான சட்டத்தின் பெயர் ‘லோ வோல்டேஜ்’ உத்தரவு. 1973-லேயே வந்த இதன் இப்போதைய வடிவம் 2014-ல் இயற்றப்பட்டது. ஏ.சி-யில் 50 முதல் 1,000 வோல்ட், டி.சி-யில் 75 முதல் 1,500 வோல்ட் வரை இதன் எல்லை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டும், ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் ஓடும் 400 வோல்ட் த்ரீ ஃபேஸும் இதற்குள் வந்துவிடும். அதாவது, ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரத்துக்குத்தான் சட்டத்தில் ‘லோ’ என்று பெயர்.

இது ஒன்று மட்டும் போதாது. ஒரு கருவி கிளப்பும் மின்காந்த இரைச்சல் பக்கத்துக் கருவியைத் தடுமாற வைக்கக் கூடாது என்பதற்குத் தனிச் சட்டம் உண்டு. முழு இயந்திரம் என்றால் இயந்திரங்களுக்கான சட்டமும் சேரும். அதன் புதிய வடிவம் 2027 ஜனவரி 20 முதல் அமலுக்கு வருகிறது.

வெடிக்கும் வாயு, எரியக்கூடிய தூசு உள்ள இடங்களில் வைக்கும் கருவிகளுக்கு விதி இன்னும் கடுமை. அங்கே ஆபத்து அதிகமுள்ள பகுதிகளில் வைக்கும் மின்கருவிகளுக்கு, தயாரிப்பாளரின் சொல் மட்டும் செல்லாது. அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பு பார்த்தாக வேண்டும். ‘சி.இ’-க்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருந்தால், அது அப்படிப்பட்ட அமைப்பின் எண்.

முத்திரைக்குப் பின்னால் ஒரு ஃபைல்

முத்திரை குத்துவதற்கு முன் தயாரிப்பாளர் ஒரு தொழில்நுட்பக் கோப்பு தயார் செய்ய வேண்டும். சர்க்யூட் வரைபடம், எங்கெங்கே ஆபத்து வரலாம் என்ற ஆய்வு, சோதனை முடிவுகள் எல்லாம் அதில் இருக்கும். பொருள் சந்தைக்கு வந்து 10 ஆண்டுகள் வரை அந்தக் கோப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ‘இந்தப் பொருள் இன்ன சட்டங்களுக்கு உட்பட்டது’ என்ற உறுதிமொழிப் பத்திரத்தில், பொறுப்பான ஒருவர் பெயரோடு கையெழுத்துப் போட வேண்டும்.

விபத்து நடந்தால் இந்தக் கையெழுத்துதான் பேசும். அதிகாரிகள் கோப்பைக் கேட்கலாம். பொருளை வாங்கிச் சோதிக்கலாம். சந்தையிலிருந்தே திரும்பப் பெறச் சொல்லலாம். ஆபத்தான பொருள் பற்றிய தகவல், ‘சேஃப்டி கேட்’ என்ற ஏற்பாடு மூலம் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் போய்விடும்.

சி.இ + சி.இ = சி.இ?

பலர் சறுக்கும் இடம் இதுதான். பிரேக்கர், கான்டாக்டர், டிரைவ் என எல்லாமே ‘சி.இ’ முத்திரை உள்ளவையாக வாங்கி ஒரு பெட்டிக்குள் பொருத்திவிட்டால், பேனலுக்கும் ‘சி.இ’ தானாக வந்துவிடாது. மூடிய பெட்டிக்குள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு சூடாகும், ஷார்ட் சர்க்யூட் ஆனால் தாங்குமா என்பது புதுக் கேள்வி.

சுவிட்சுகள் பொருத்திய கதவுக்கு எர்த் ஒயர் கொடுக்காமல் விட்டால், உள்ளே ஓர் ஒயர் உரசிய அன்றைக்குக் கதவைத் தொடுகிற எலெக்ட்ரீஷியன் உயிர் போகும். உள்ளே இருந்த பாகங்கள் எல்லாம் தரமானவைதான். சேர்த்த விதம்தான் தப்பு. எனவே, சேர்த்துக் கட்டியவர்தான் சட்டப்படி ‘தயாரிப்பாளர்’. இன்னொருவர் செய்ததை வாங்கித் தன் பெயரில் விற்பவருக்கும் அதே பொறுப்பு.

கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு மோட்டார், பம்ப் அனுப்ப நினைக்கிற சிறு நிறுவனங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘சி.இ சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது தரும் காகிதம், கோப்புக்கும் உறுதிமொழிப் பத்திரத்துக்கும் மாற்று ஆகாது. ‘லோ வோல்டேஜ்’ சட்டத்தில் அப்படிச் சான்று தர அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு என்ற ஏற்பாடே இல்லை. சோதனைக் கூடத்தில் சோதித்து வாங்கும் ரிப்போர்ட் நல்லதுதான். ஆனால், அது கோப்பில் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

‘சைனா எக்ஸ்போர்ட்’ உண்மையா?

‘எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் அது சைனா எக்ஸ்போர்ட்’ என்ற வாட்ஸ்அப் தகவல் இன்றும் சுற்றுகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. அப்படி ஒரு முத்திரை இருப்பதாகத் தெரியவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லிவிட்டது. எழுத்துகளின் வடிவத்துக்கும் விகிதத்துக்கும் விதி இருக்கிறது. உயரம் பொதுவாக 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பதும் உண்மை. ஆனால், போலி அடிப்பவருக்குச் சரியான இடைவெளி விட்டு அடிக்கத் தெரியாதா என்ன?

எதைப் பார்க்க வேண்டும்?

முத்திரையோடு நிறுத்தாமல் தயாரிப்பாளரின் பெயர், அஞ்சல் முகவரி, மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலைக்கு இயந்திரம் வாங்குபவர்கள் உறுதிமொழிப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணும் இயந்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். தயங்காமல் எடுத்துக் கொடுப்பவர், கோப்பையும் வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்கு வாங்கும் சார்ஜருக்கு வேறு கணக்கு. ‘சி.இ’ என்பது ஐரோப்பியச் சந்தைக்கான அறிவிப்பு. நம் ஊர்க் கடையில் அதற்குச் சட்டப்படி வேலை இல்லை. இங்கே தேட வேண்டியது, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அடையாளத்தையும் அதனோடு ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையும்தான். அடுத்த முறை கடையில் சார்ஜர் வாங்கும்போது, பில் போடுவதற்கு முன்பே அதைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.