வெட்கத்தைச் சந்தேகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்

நல்ல காரியத்துக்குப் புறப்படுமுன் பழவங்காடி கணபதி சந்நிதியில் ஒரு தேங்காய் உடைப்பது கிழக்கேகோட்டையில் பிழைக்க வந்த நம்மவர்களுக்கும் வழக்கமாகிவிட்டது. சாலைக் கம்போளத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவரும் சில மாதங்களுக்கு முன் அப்படித்தான் உடைத்தார். கையில் மாற்றுத் துணி வைத்த பை. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் அது. ஆனால் அவர் பஸ் ஏறவில்லை. ரோட்டைத் தாண்டி, காந்தி பார்க் ஓரமாக நடந்து, கடைக்கே வந்து தம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இப்படித் திரும்பி வந்தது இரண்டாவது தடவை.

அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். வயது 44, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 118 கிலோ. சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருஷம். ராத்திரித் தூக்கத்தில் மூச்சு அடைத்து எழுந்து உட்காருகிறார். அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் பயந்து முதுகைத் தடவிக் கொடுக்கிறார்கள். இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

"பயமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "பயம் இல்லாமலா? ஆனா அது இல்ல தம்பி. எனக்கு வாயைக் கட்டத் தெரியல. அதுக்கு வயித்தை அறுக்கணுமாக்கும்னு எல்லாரும் கேக்காம். நானும் அப்படித்தான் நினைக்கேன்" என்றார்.

இந்தப் பதில்தான் என்னை எழுதத் தூண்டியது. ஆபரேஷனுக்கு முன் வருகிற தயக்கத்தில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று நியாயமான கேள்வி. உயிருக்கு என்ன ஆபத்து, பலன் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பது போன்றவை. மற்றது வெட்கம். ‘நான் ஒழுக்கம் கெட்டவன், இதற்கும் லாயக்கற்றவன்’ என்ற எண்ணம். முதலாவதை விடவே கூடாது. இரண்டாவதைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்புவதில் அர்த்தம் இல்லை என்பது என் கட்சி.

ஊரில் நமக்குக் கிடைக்கும் வரவேற்பை எண்ணிப் பாருங்கள். பொங்கலுக்குப் போனால், "திருவனந்தபுரத்துத் தண்ணி ஒத்துக்கிடிச்சி, உடம்பு தேறிட்டான்" என்று பாராட்டுவார்கள். ஒல்லியாகப் போனால்தான் அம்மா அழுவாள். பிழைக்கப் போன பிள்ளையின் தொந்தியை வருமானத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது நம் பழக்கம். இங்கேயோ காலை 9 மணி முதல் ராத்திரி 9 மணி வரை உட்கார்ந்த வேலை. கடை சாத்திய பிறகு தட்டுக்கடையில் பொரோட்டாவும் சேர்வையும். பத்தரை மணிக்கு வேறு என்ன கிடைக்கும்? அப்படி வளர்ந்த உடம்பை ஊர் முதலில் மெச்சுகிறது, பிறகு டாக்டர் கண்டிக்கிறார். மனிதன் குழம்பாமல் என்ன செய்வான்?

சர்க்கரை வியாதியில் நாம் தனி ஆட்களும் அல்ல. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது உண்டு.

வாயைக் கட்டத் தெரியாதது மட்டுமே காரணம் என்பது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாத பேச்சு. அண்ணாச்சி மூன்று தடவை எடை குறைத்தவர். ஒரு தடவை 14 கிலோ. மியூசியம் காம்பவுண்டில் விடியற்காலை நடந்தார், ராத்திரி கோதுமைக் கஞ்சி குடித்தார். ஒன்றரை வருஷத்தில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் 50 பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்து எடை குறைக்கச் செய்து, பிறகு கவனித்தார்கள். ஒரு வருஷம் கழிந்தும் பசியைக் கிளப்பும் சுரப்புகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை என்று 2011இல் வெளியிட்டார்கள். இழந்த எடையை மீட்க உடம்பே போராடுகிறது. ஜப்பானியர் 1999இல் கண்டறிந்த ‘கிரெலின்’ என்ற பசிச் சுரப்பு, பெரும்பாலும் இரைப்பையின் மேல் பகுதியில்தான் ஊறுகிறது. ‘ஸ்லீவ்’ என்ற ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்கை, அந்த மேல் பகுதியோடு சேர்த்து, எடுத்துவிடுகிறார்கள். சாப்பிடும் இடம் குறைவதோடு பசியும் தணிகிறது. பசியை அடக்கத் தெரியாதவனுக்குத் தண்டனை என்று இதை நினைப்பவர்கள் இந்த விவரத்தைக் கவனிக்க வேண்டும்.

நிதின் கட்கரி 2011இலும், நிதி மந்திரியாக இருந்த அருண் ஜெட்லி 2014இலும் இந்த வகை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அவர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை செய்துகொண்டால் மட்டும் சிரிப்பு வருகிறது!

இனி நியாயமான கேள்விகளுக்கு வருவோம். 2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், எடை குறைக்கும் ஆபரேஷனுக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தி நடவடிக்கை எடுத்தது. அந்தச் செய்தியை அண்ணாச்சியின் கடைப் பையன் போனில் காட்டினான். அதற்குப் பிறகு அவருக்கு எப்படித் தூக்கம் வரும்? ஆபத்தே இல்லை என்று சொல்கிறவர் டாக்டராகவே இருந்தாலும் நம்ப வேண்டாம். நல்ல அனுபவமுள்ள இடங்களில் ஆயிரம் பேருக்கு ஒருவர், மிஞ்சினால் மூவர் என்ற அளவில் மரணம் நேர்கிறது. தையலில் கசிவு, ரத்தக் கட்டி ஆகியவையும் சிலருக்கு வருகின்றன.

செய்துகொள்ளாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. அதை ஒரு பெரிய ஆராய்ச்சி எடை போட்டுப் பார்த்திருக்கிறது. 1987இல் சுவீடனில் தொடங்கிய அந்த ஆராய்ச்சியில் 2,010 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அவர்களைப் போன்ற உடல்நிலை உள்ள 2,037 பேர் வழக்கமான வைத்தியத்தில் இருந்தார்கள். ஆபரேஷன் நடந்து 90 நாளுக்குள் ஐந்து பேர் இறந்தார்கள். மற்ற அணியில் அதே காலத்தில் இறந்தவர்கள் இருவர்தான். ஆனால் சராசரியாகப் பதினோரு வருஷம் கழித்து எண்ணியபோது, ஆபரேஷன் அணியில் 101 பேரும், மற்ற அணியில் 129 பேரும் மறைந்திருந்தார்கள். 2007இல் வெளியான கணக்கு இது. தொடக்கத்தில் நஷ்டம், போகப்போக லாபம். வியாபாரக் கடையில் இருப்பவருக்கு இது புரியும், அண்ணாச்சிக்கும் புரிந்தது.

பலனையும் மிகைப்படுத்தக் கூடாது. ஒன்றிரண்டு வருஷத்தில் மொத்த எடையில் கால் பங்கு அளவு குறையும். பின்னால் சிலருக்குக் கொஞ்சம் திரும்பும். நெஞ்செரிச்சல் கூடலாம். வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் ரத்தப் பரிசோதனையையும் ஆயுள் முழுவதும் விட முடியாது. குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது, ஏனென்றால் பிறகு போதை சீக்கிரம் ஏறும், பழக்கமும் முற்றும். குழந்தை பெற விரும்பும் பெண்கள் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை பொறுக்க வேண்டும்.

எல்லாப் பருமனுக்கும் கத்தி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 40க்கு மேல், அல்லது வியாதிகளோடு 35க்கு மேல் இருந்தால்தான் ஆபரேஷன் என்று 1991இல் அமெரிக்காவில் வகுத்தார்கள். அண்ணாச்சிக்கு 43. 2022இல் உலக டாக்டர் சங்கங்கள் இதைத் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்றன. அந்த ஓரத்தில் நிற்பவர்கள் அவசரப்படத் தேவையில்லை. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த வாராந்தர ஊசிகளைப் பற்றியும் கேட்கலாம். அவற்றை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் சலுகை" என்று ஆடித் தள்ளுபடி போல ஆள்விட்டுப் பேசுகிற இடத்தில் சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம். அண்ணாச்சிக்கு அப்படியும் ஒரு போன் வந்தது.

பிற மாநிலத்தில் இருக்கும் நமக்கென்று தனியாகச் சில தொல்லைகள் உண்டு. டாக்டர் மலையாளத்தில் வேகமாகச் சொல்வார். புரியாத இடத்திலும் தலையாட்டுவது நம் மரியாதை. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன், தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரை வைத்து வரிவரியாகச் சொல்லச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் அப்படி ஒருவர் கிடைக்காமல் போக மாட்டார். இன்ஷூரன்ஸ் இருந்தால் அதன் விதிகளைப் படிக்க வேண்டும். எண் 40, அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவற்றோடு 35 என்ற நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. அதைக் கேட்காமலே மனைவியின் நகையை அடகு வைத்தவர்கள் உண்டு.

இன்னொன்று சமையல். வீடு திரும்பி இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்த உணவு, முழுச் சாப்பாட்டுக்கு இரண்டு மாதம் வரை ஆகும். நாலு பேர் தங்கும் அறையில், மெஸ் சாப்பாட்டை நம்பி இருப்பவனுக்கு இதை யார் செய்து தருவார்கள்? அண்ணாச்சி இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆபரேஷன் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான் காரணம். வெட்கத்தை விட்டு வாயைத் திறந்தால் தீர்ந்துவிடுகிற கேள்வி, ஒரு வருஷம் மலைபோல நின்றது.

ஆபரேஷனுக்கு முன் ஈரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் பத்தியம் இருக்கச் சொல்வார்கள். "அதிலேயே நான் தோத்துருவேன்" என்று முன்பு சொன்னவர், நாள் குறிக்காமலே ஒரு வாரம் இருந்து பார்த்தார். ஆறு நாள் ஒழுங்காக இருந்தார், ஏழாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் தவறிவிட்டார். டாக்டரிடம் அதை மறைக்காமல் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, மனநல ஆலோசகர் ஒருவரிடம் அரை மணி பேசி வரச் சொன்னாராம்.

பழைய பில்லின் பின்பக்கம் எழுதிய ஒன்பது கேள்விகளுடன் போன வாரம் மறுபடி டாக்டரைப் பார்த்தார். எட்டுக்குப் பதில் கிடைத்தது. சர்க்கரை மாத்திரை அடியோடு நிற்குமா என்பதற்கு மட்டும், "உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்தப் பதிலுக்காகவே அவர்மீது நம்பிக்கை வந்ததாக அண்ணாச்சி சொல்கிறார். ஓண வியாபாரம் முடிந்த மறுவாரம் நாள் குறித்தாகிவிட்டது. முதலாளி ஒரு மாதம் லீவு தந்திருக்கிறார். ஊரிலிருந்து அக்காள் வருகிறார். கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன வீடு இரண்டு மாத வாடகைக்குப் பேசியிருக்கிறார்கள்.